அரை அரிசி எடைப் பாஷாணம்

தாம்பரம் சானடோரியத்தில் ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் இரண்டு மருத்துவமனைகள் இருக்கின்றன. ஒன்று, 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது. சானடோரியம் என்ற அதன் பெயர்தான் ரயில் நிலையத்துக்கும் ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. மற்றது, 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம். அங்கே மருந்து வாங்கிக்கொண்டு குரோம்பேட்டைக்கோ சேலையூருக்கோ திரும்புகிறவர்களுக்கு வீட்டில் ஒரு கேள்வி காத்திருக்கும்: "சித்த மருந்துல பாஷாணம் போடுவாங்களாமே, அது விஷமாச்சே?"

நியாயமான கேள்வி. சித்த நூல்கள் 64 பாஷாணங்களைச் சொல்கின்றன. 32 பூமியில் கிடைப்பவை, 32 செய்து எடுப்பவை. அவற்றில் வெள்ளைப் பாஷாணம் என்பது வேதியியலில் ஆர்சனிக் டிரையாக்சைடு. மணமில்லை, சொல்லும்படி ருசியில்லை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகச் சொத்துத் தகராறுகளைச் சத்தமில்லாமல் தீர்த்துவைத்த பொடி இதுதான்.

இதே பொருள், சுத்திகரிக்கப்பட்ட வடிவில், இன்று உலகெங்கும் ஒரு ரத்தப் புற்றுநோய்க்கு முதல்நிலை மருந்தாக ரத்தக் குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 மில்லிகிராம். ஓர் அரிசியின் எடையில் ஏறத்தாழப் பாதி. ஆனால் அந்த ஒரு நோய்க்கு மட்டும்தான். மார்பகப் புற்றுக்கு இல்லை, நுரையீரல் புற்றுக்கு இல்லை, ரத்தப் புற்றிலேயே மற்ற வகைகளுக்கும் இது வழக்கமான மருந்து இல்லை. எல்லா நோயையும் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஒரே ஒரு நோயைக் குறிபார்த்து அடிக்கிற விஷத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. அந்த நோயில் மட்டும் அப்படி என்ன இருக்கிறது?

டெங்குவா, வேறா?

நோயின் முழுப்பெயர் அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கேமியா. மருத்துவர்கள் ஏ.பி.எல். என்று சுருக்கிவிடுவார்கள், நாமும் அப்படியே அழைப்போம். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் வெள்ளணுக்கள் படிப்படியாக முதிர்ந்து, வேலைக்குத் தயாரான பிறகுதான் ரத்தத்துக்கு வரும். நடுப்படியில் இருக்கும் செல்லுக்குப் புரோமைலோசைட் என்று பெயர். முதிராச் செல் என்று வைத்துக்கொள்ளலாம். ஏ.பி.எல். வந்தவரின் மஜ்ஜையில் செல்கள் இந்தப் படியிலேயே நின்றுவிடுகின்றன. நின்றால்கூடப் பரவாயில்லை, நின்ற இடத்திலேயே பெருகுகின்றன. திடீரென்று தாக்கும் மைலாய்டு வகை ரத்தப் புற்றுகளில் 100க்கு 5 முதல் 10 தான் இது. அந்த வகையின் மற்ற நோய்கள் வயதானவர்களிடம் அதிகம். இது இளைஞர்களையும் நடுவயதினரையும் கூடுதலாகத் தாக்குகிறது.

1957இல் லைஃப் ஹில்லஸ்டாட் என்ற நார்வே மருத்துவர் மூன்று நோயாளிகளை வைத்து இதைத் தனி நோயாக விவரித்தார். சில வாரங்களிலேயே உயிர் போய்விடுவதையும், கூடவே கடும் ரத்தப்போக்கு இருப்பதையும் அவர் குறித்துவைத்தார். முதிராச் செல்கள் வெளிவிடும் பொருள்கள் ரத்தம் உறையும் ஏற்பாட்டையே குலைத்துவிடுகின்றன. வேண்டாத இடத்தில் உறைகிறது, உறைந்தது கரைகிறது, கடைசியில் உறையவைக்கும் சரக்கே தீர்ந்துபோகிறது. தட்டணுக்களும் குறைவு. ஈறில் ரத்தம், அடிபடாமலே தோலில் நீலத் திட்டுகள், நிற்காத மாதவிடாய். மூளைக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

ஐப்பசி மழையில் முடிச்சூரிலோ பள்ளிக்கரணையிலோ ஒருவருக்குக் காய்ச்சல், ஈறில் ரத்தம், தட்டணு 20,000 என்றால் வீட்டில் முதலில் வரும் வார்த்தை டெங்கு. பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். சரியில்லாத அபூர்வமான ஒருவருக்குத்தான் பொன்னான நாட்கள் போய்விடுகின்றன.

பெட்டி மாறிய ரயில்கள்

நம் செல்களில் மரபணுச் சரடு 23 ஜோடிக் குரோமோசோம்களாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. பெரியது முதல் சிறியது வரை எண்கள் உண்டு. நமக்கு வேண்டியவை 15, 17.

தாம்பரம் யார்டில் 15ஆம் எண் ரயிலும் 17ஆம் எண் ரயிலும் அடுத்தடுத்த தண்டவாளத்தில் நிற்கின்றன என்று வையுங்கள். ஒரு விபத்தில் இரண்டும் நடுவில் அறுந்துபோகின்றன. பழுது பார்க்க வந்தவர்கள் அவசரத்தில் இதன் பின்பாதியை அதற்கும், அதன் பின்பாதியை இதற்கும் கோத்துவிடுகிறார்கள். மொத்தப் பெட்டிகளை எண்ணினால் ஒன்றும் குறையாது. இரண்டு ரயிலும் ஓடும். ஆனால் மதுரைக்குச் சீட்டு வாங்கியவர் மங்களூரில் இறங்குவார். அறுந்த இடம் இரண்டு பெட்டிகளுக்கு இடையிலான இணைப்பு என்றால் சேதம் இவ்வளவோடு போயிற்று. அறுந்தது ஒரு பெட்டியின் நடுவயிறு என்றால்? ஏ.சி. பெட்டியின் முன்பாதியும் சமையல் பெட்டியின் பின்பாதியும் ஒட்டவைக்கப்பட்டு, எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்படாத ஒரு புதுப் பெட்டி உருவாகிவிடும்.

ஏ.பி.எல்.லில் நடப்பது இந்த இரண்டாவது விபத்து. 15இல் அறுவது பி.எம்.எல். என்ற மரபணுவின் நடுவே. 17இல் அறுவது ரார்-ஆல்ஃபா என்ற மரபணுவின் நடுவே. முன்னதன் தலையும் பின்னதன் வாலும் சேர்ந்து ஒரே மரபணுவாக வாசிக்கப்படுகின்றன. இதற்கு மரபணு இணைவு என்று பெயர். இதிலிருந்து உருவாகும் புரதத்தை இணைவுப் புரதம் என்போம். இது அப்பா அம்மாவிடமிருந்து வருவதில்லை, பிள்ளைகளுக்கும் போவதில்லை. மஜ்ஜையின் ஒரே ஒரு செல்லில், பெரும்பாலும் எந்தக் காரணமும் சொல்ல முடியாமல் நடந்துவிடுகிறது. 'நான் என்ன பாவம் செய்தேன்' என்று கேட்கிற நோயாளிக்கு மருத்துவர் நேர்மையாகச் சொல்லக்கூடிய பதில்: ஒன்றும் செய்யவில்லை.

பெட்டிகளின் எண்ணிக்கை மாறாத விபத்தைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு பெட்டியாகப் பார்க்கும் ஆள் வேண்டும். சிகாகோவைச் சேர்ந்த ஜேனட் ரோலி அப்படிப்பட்டவர். குரோமோசோம் புகைப்படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் கத்தரித்து அடுக்கிப் பார்ப்பார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். 1970களின் தொடக்கத்திலேயே வேறு ரத்தப் புற்றுகளில் இத்தகைய இடமாற்றங்களைக் கண்டவர், 1977இல் ஏ.பி.எல்.லில் 15க்கும் 17க்கும் நடந்த மாற்றத்தைக் காட்டினார். புற்றுநோயின் விளைவாகத்தான் குரோமோசோம்கள் சிதைகின்றன என்று பலர் நம்பிய காலம் அது. ஒரே நோய்க்கு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வெட்டு விழுகிறதென்றால் அது விளைவாக இருக்க முடியாது, காரணமாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

இரண்டு நல்லவர்கள் சேர்ந்தால்

இணைவதற்கு முன் இந்த இரண்டு புரதங்களும் ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தவைதான்.

ரார்-ஆல்ஃபா, வைட்டமின் ஏ-யிலிருந்து உடல் தயாரிக்கும் ரெட்டினாயிக் அமிலத்தின் ஆணையைக் கேட்டு நடப்பது. செல்லை முதிர வைக்கும் மரபணுக்களின் மேல் உட்கார்ந்து அவற்றை மூடி வைத்திருக்கும். ரத்தத்தில் சாதாரணமாக இருக்கும் அளவு ரெட்டினாயிக் அமிலம் வந்து தொட்டாலே விலகி வழிவிடும். செல் அடுத்த படிக்கு ஏறும்.

பி.எம்.எல். வேறு ரகம். தன் இனத்தோடு தானே ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு. செல்லின் உட்கருவில் சிறு புள்ளிகளாகத் திரண்டு நிற்கும். அந்தப் புள்ளிகளில் பல புரதங்கள் வந்து கூடும். செல் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் காவல் வேலைகளில் சில அங்கே நடக்கின்றன.

இப்போது இணைவுப் புரதத்தைப் பாருங்கள். வால் பக்கம் ரார். அது வழக்கம்போல முதிர்ச்சி மரபணுக்களின் மேல் போய் உட்காருகிறது. தலைப்பக்கம் பி.எம்.எல்.; அது தன் இனத்தைப் பிடித்து இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. தனியாக உட்கார்ந்திருந்தது கும்பலாக உட்காருகிறது. மரபணுக்களை மூடும் வேறு புரதங்களையும் கூட்டி வருகிறது. வழக்கமான அளவு ரெட்டினாயிக் அமிலம் வந்து தொட்டால் இந்தக் கும்பல் அசைவதில்லை. செல் நடுப்படியில் நின்றுவிடுகிறது. அதோடு, நல்ல பி.எம்.எல்.லும் இந்தக் கும்பலுக்குள் இழுக்கப்படுவதால் காவல் புள்ளிகள் நூற்றுக்கணக்கான நுண்துகள்களாகச் சிதறிவிடுகின்றன. ஒரு விபத்து, இரண்டு சேதம்.

ஆனால் இந்த இணைவு உடலின் எந்த ஆரோக்கியமான செல்லிலும் கிடையாது. நோய்க்குக் காரணமும் அதுவே, நோயை அடையாளம் காட்டுவதும் அதுவே. அதை மட்டும் தாக்கும் மருந்து கிடைத்தால் மற்ற செல்களைத் தொடவேண்டியதில்லை. கிடைத்தது. ஒன்றல்ல, இரண்டு. வேடிக்கை என்னவென்றால், ஒன்று வால் பாதியைப் பிடிக்கிறது, மற்றது தலைப் பாதியை.

வாலைப் பிடித்தவர்

வால் பாதிக்கான மருந்து ஷாங்காயிலிருந்து வந்தது. கீமோதெரபி மருந்துகள் விலை அதிகம், தீங்கும் அதிகம் என்ற நிலையில் வாங் சென்யி என்ற மருத்துவர் எதிர்த்திசையில் யோசித்தார்: கெட்ட செல்லை ஏன் கொல்ல வேண்டும், முதிர வைத்தால் என்ன? முதிர்ந்த வெள்ளணுவின் ஆயுள் சில நாட்களே. அதுவாகவே போய்விடும். 1985இல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு ரெட்டினாயிக் அமிலத்தின் ஒரு வடிவத்தை, உடலில் இயல்பாக இருப்பதைவிட மிக அதிக அளவில், வாய்வழியாகக் கொடுத்தார். சிறுமி தேறினாள். 1988இல் வெளியான கட்டுரையில் 24 நோயாளிகள். 23 பேருக்கு அந்த மருந்து ஒன்றினாலேயே நோய் மறைந்திருந்தது. மருத்துவமனைப் பேச்சில் அதற்கு அட்ரா என்று பெயர். கும்பலாக உட்கார்ந்த ரார், இந்த வெள்ளத்துக்கு வழிவிட்டுவிடுகிறது. (காரட்டும் வைட்டமின் ஏ மாத்திரையும் இதைச் செய்யா. வைட்டமின் ஏ மிகுந்தால் ஈரலைத்தான் கெடுக்கும்.)

15, 17ஆம் குரோமோசோம்களில் அறுபட்டவை எந்த மரபணுக்கள் என்பது பாரிஸில் ஆன் தெஜான், யூக் த தே உள்ளிட்டோரின் ஆய்வுகளில் 1990, 91இல்தான் தெரிந்தது. அதாவது மருந்து முன்னே, விளக்கம் பின்னே. ஆனால் அட்ராவை மட்டும் கொடுத்தால் பலருக்கும் நோய் திரும்பி வந்தது. கூடவே கீமோவும் வேண்டியிருந்தது.

தலையைப் பிடித்த விஷம்

தலைப் பாதிக்கான மருந்தின் ஊர், வடகிழக்குச் சீனாவின் ஹார்பின். 1970களின் தொடக்கத்தில் ஒரு நாட்டு மருத்துவரின் புற்றுநோய்க் கலவை அங்குள்ள மருத்துவர்களின் கைக்கு வந்தது. அதில் ஆர்சனிக், பாதரச உப்பு, தேரை விஷம் மூன்றும் இருந்தன. சாங் திங்தோங்கும் கூட்டாளிகளும் செய்த நல்ல காரியம், மூன்றையும் பிரித்துத் தனித்தனியே பார்த்தது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுத்தது, தேரை விஷம் ரத்த அழுத்தத்தை ஏற்றியது. வேலை செய்தது ஆர்சனிக் மட்டுமே. யாருக்கு நன்றாக வேலை செய்தது என்று பார்த்தபோது ஏ.பி.எல். நோயாளிகள் தனியே தெரிந்தார்கள். 1997இல் ஷாங்காய்க் குழு ஆங்கிலத்தில் வெளியிட்ட பிறகுதான் மேற்குலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது: நோய் திரும்பியவர்களில் ஆர்சனிக் மட்டும் பெற்ற 10 பேரில் 9 பேருக்கு நோய் மறைந்தது.

எப்படி? ஆர்சனிக்குக்குக் கந்தகத்தின் மேல் தீராத மோகம். சித்த மருந்துக் கடையில் கிடைக்கும் தாளகத்தையும் மனோசிலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமங்கள். மண்ணுக்குள் இருக்கும் அதே உறவு உடலுக்குள்ளும் தொடர்கிறது. புரதங்களில் சிஸ்டீன் என்ற பகுதியில் கந்தகம் உண்டு. ஆர்சனிக் விஷமாவது இதனால்தான். அளவு மீறினால் எதிர்ப்படும் புரதங்களின் கந்தகத்தையெல்லாம் பிடித்து முடக்கிவிடும்.

பி.எம்.எல்.லில் சில கந்தகங்கள் ஆர்சனிக் வந்து உட்காரத் தோதாக நெருங்கி நிற்கின்றன. அதனால் மிகக் குறைந்த அளவிலேயே அங்கே பிடிப்பு விழுகிறது. 2010இல் சீன ஆய்வாளர்கள் இந்த நேரடிப் பிணைப்பைக் காட்டினார்கள். பிடிபட்ட பி.எம்.எல். இன்னும் பெரிதாகத் திரள, செல்லின் துப்புரவு ஏற்பாடு அதை அடையாளமிட்டு அழித்துவிடுகிறது. பி.எம்.எல். போகும்போது ஒட்டியிருக்கும் ராரும் சேர்ந்தே போகிறது. இணைவுப் புரதமே இல்லாமல் போனபின், 17ஆம் குரோமோசோமின் சேதமாகாத மறு பிரதி தரும் நல்ல ரார் பொறுப்பை ஏற்றுக்கொள்ள, நின்றுபோன செல் மீண்டும் படியேறுகிறது. எதிரியை ஒழித்தது செல்லேதான். ஆர்சனிக் செய்தது காட்டிக்கொடுத்தது மட்டும்.

இந்த விளக்கம் சரிதானா என்பதற்கு நோயே சாட்சி சொன்னது. சிலருக்கு ஆர்சனிக் ஒரு கட்டத்தில் பலன் தராமல் போகிறது. அப்படிப்பட்ட சிலரின் புற்றுச் செல்களை ஆராய்ந்தபோது, இணைவுப் புரதத்தின் பி.எம்.எல். பாதியில், ஆர்சனிக் உட்காரும் கந்தகங்களுக்குப் பக்கத்தில் உள்ள 216ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. எத்தனையோ இடங்கள் இருக்க, மாற்றம் அங்கே போய் நின்றது.

வேலூரின் 72 பேர்

தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரம் வழியாக மூன்று மணி நேரப் பயணத்தில் வேலூர். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் மேமன் சாண்டி, விக்ரம் மேத்யூஸ் ஆகியோரின் ரத்தவியல் குழு 1990களின் இறுதியில் ஒரு சங்கடத்தில் இருந்தது. அட்ராவும் கீமோவும் சேர்ந்த சிகிச்சை உலகில் நிலைபெற்றுவிட்டது. வாசலில் நிற்கும் நோயாளிகளில் பலரால் அதற்குப் பணம் கட்ட முடியாது. கீமோ கொடுத்தால் வரும் தொற்றுகளைச் சமாளிக்கும் செலவு வேறு. ஆர்சனிக்கோ மலிவு, மருத்துவமனை மருந்தகத்திலேயே தயாரித்துக்கொள்ளலாம்.

அன்று மேற்கில் ஆர்சனிக், நோய் திரும்பி வந்தவர்களுக்கான மருந்து. அமெரிக்காவில் 2000இல் அனுமதி கிடைத்ததும் அதற்குத்தான். வேலூர்க் குழு 1998 தொடக்கத்திலிருந்தே புதிதாக நோய் கண்டவர்களுக்கு அதை முதல் மருந்தாகவும், பெரும்பாலும் ஒரே மருந்தாகவும் கொடுத்தது. நோய் மறையும் வரை தினமும், அதிகபட்சம் 60 நாள். நான்கு வார இடைவெளி. பிறகு நான்கு வாரம். அதன்பின் மாதம் 10 நாள் வீதம் ஆறு மாதம். முதல் கட்டம் தாண்டியபின் வார்டில் படுக்க வேண்டியதில்லை. வந்து ஏற்றிக்கொண்டு போகலாம். முடி கொட்டுவதில்லை.

2004 முடிய 72 பேர். 62 பேருக்கு நோய் மறைந்தது. மூன்றாண்டு முடிவில் உயிரோடு இருப்போர் 86 சதவீதம் என்று 2006இல் வெளியான கட்டுரை கணக்கிட்டது. 2010இல் வந்த தொடர் கட்டுரையில் ஐந்தாண்டுக் கணக்கு 74 சதவீதம். வசதியான நாடுகளின் கீமோ சிகிச்சையோடு ஒப்பிடத்தக்க எண்கள் இவை. வசதிக் குறைவினால் எடுத்த முடிவு அறிவியலாகவும் சரியென்று நிலைபெற்றது. 2013இல் இத்தாலிய, ஜெர்மானியக் குழுக்கள் கடுமை குறைந்த நோயாளிகளிடம் கீமோவே இல்லாமல் அட்ராவையும் ஆர்சனிக்கையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தன. இரண்டாண்டு முடிவில் 97 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் நலமாக இருந்தார்கள். அட்ராவோடு கீமோ பெற்றவர்களில் 86 சதவீதம். அட்ராவும் ஆர்சனிக்கும் சேர்ந்ததுதான் இன்றைய முதல்நிலை சிகிச்சை. ஹார்பினையும் ஷாங்காயையும் சொல்லும் நூல்கள் பலவற்றில் வேலூர் ஒரு வரியோடு கடந்துபோகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அப்படியானால் பாஷாணம்?

சித்தர்கள் புற்றுநோய்க்கு மருந்தை அன்றே சொல்லிவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். ஆர்சனிக் வேலை செய்வது பி.எம்.எல். பாதி இருக்கும் புற்றில். அந்தப் பாதி இல்லாத புற்றில் அது வெறும் விஷம். இருக்கும் புற்றிலும் அளவு துல்லியமாக இருக்க வேண்டும். இதயத் துடிப்பு பிசகலாம் என்பதால் ஈ.சி.ஜி.யும் ரத்தத்தில் பொட்டாசியம், மெக்னீசியம் அளவும் அடிக்கடி பார்க்க வேண்டும். செல்கள் கூட்டமாக முதிரும்போது மூச்சுத்திணறல் வரலாம். அதற்கு ஸ்டீராய்டு தயாராக இருக்க வேண்டும். கடையில் வாங்கும் பொட்டலத்தில் இவை எதுவும் இல்லை. நாட்டு மருந்தெல்லாம் மூடத்தனம் என்பவர்களுக்கும் இந்தக் கதை உதவாது. ஹார்பினில் தொடக்கம் நாட்டு மருந்துதான். அதைப் பிரித்துச் சோதித்ததால் மருந்தானது.

இணைவு தெரிந்தால் மருந்தும் தானாக வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 9க்கும் 22க்கும் நடக்கும் இடமாற்றத்தால் வரும் நாள்பட்ட ரத்தப் புற்றுக்கு 2001இல் இமாட்டினிப் என்ற மாத்திரை வந்தது. அதன் புதிய வடிவம் ஒன்றுக்கான காப்புரிமை விண்ணப்பத்தை 2006இல் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். 2013இல் உச்ச நீதிமன்றமும் அந்த நிராகரிப்பை உறுதி செய்தது. இந்தியாவில் அந்த மாத்திரை மலிவாகக் கிடைப்பதற்குப் பின்னால் இந்த வழக்கு உண்டு. ஆனால் சிறுவர்களின் எலும்பில் வரும் யூவிங் சார்கோமாவைப் பாருங்கள். 11க்கும் 22க்கும் இடையிலான அதன் இணைவு 1992இலேயே பிரித்துக் காட்டப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் கீமோ, அறுவை, கதிர்வீச்சு இவைதான் சிகிச்சை. அந்த இணைவுப் புரதம் நிலையான வடிவமின்றி நெகிழ்ந்து கிடப்பது. மருந்து போய் உட்காரப் பள்ளம் எதுவும் எளிதில் சிக்குவதில்லை. பி.எம்.எல்.லில் கந்தகங்கள் வசதியாக நின்றது வெறும் அதிர்ஷ்டம்.

முதல் சில நாட்கள்

ஏ.பி.எல். இன்று பெரும்பாலும் குணமாகும் நோய். இப்போதும் இறப்பவர்களில் அதிகம் பேர் சிகிச்சை தோற்று இறப்பதில்லை. சிகிச்சை பலன் தரும் முன்பே, முதல் சில நாட்களில், ரத்தக் கசிவால் இறக்கிறார்கள். ஆகவே மருந்தைவிடப் பெரிய பிரச்சினை, நோயைச் சந்தேகிக்க ஆகும் நேரம்.

தட்டணு எண்ணிக்கையை இயந்திரம் சொல்லிவிடும். முதிராச் செல்லை ஒரு மனிதர் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயமேற்றி, நுண்நோக்கியில் வைத்தால், துகள்கள் அடைந்த, சில சமயம் உள்ளே ஊசி ஊசியாகக் கம்பிகள் கட்டுக் கட்டாய்க் கிடக்கும் செல்கள் தெரியும். பழகிய கண்ணுக்குச் சில நிமிட வேலை. இணைவு உண்டா என்று உறுதி செய்யும் பி.சி.ஆர். முடிவு வர அதைவிட நெடுநேரம் ஆகும். அதற்குக் காத்திருக்க வேண்டாம், சந்தேகம் வந்தவுடனே அட்ராவைத் தொடங்கிவிடலாம் என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். கூடவே தட்டணுக்களும் பிளாஸ்மாவும் ஏற்ற வேண்டும். இணைவு இல்லை என்று பி.சி.ஆர். சொல்லிவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாம். ஓரிரு நாள் அட்ராவால் கெட்டுப்போவது அதிகமில்லை.